ஓங்கில் குட்டியின் தாய் வழி

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை மட்டும் வைத்துக்கொண்டு இனிமேல் யாரும் எதையும் நிரூபித்துவிட முடியாது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் சொன்னார்கள். அங்கே ஒருவருக்குப் பிரிவுபசார விழா என்று கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் நடந்த பேச்சு இது. இப்போதெல்லாம் ஒரு உயிரின் மொத்த டிஎன்ஏவையும் இயந்திரம் படித்துக் கொடுத்துவிடுகிறது. தாய் வழியாக வருகிற ஒரு சின்னத் துண்டை மட்டும் படித்து, இது இதற்குச் சொந்தம், அது அதற்குச் சொந்தம் என்று வம்ச மரம் வரைந்த காலம் முடிந்துவிட்டது. அவர்கள் சொன்னது சரிதான். நான் மறுக்கவில்லை.

"அப்ப இத்தனை வருசத்துல நீங்க உறுதியாச் சொன்னது எது சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மதுரை கே.கே. நகரில் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர்கள் வயலில் வேலை பார்த்தவர்கள். நான் விலங்கியல் படித்தேன். மதுரைக்கு மேற்கே உள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்து, தொழில்நுட்ப அலுவலராக ஓய்வு பெற்றேன். முதல் சில வருடங்கள் மாட்டு ரத்தம்தான் வேலை. நாட்டு மாடுகளின் வம்சம் பற்றி ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வைதேகி மேடம் வந்தார். அவரோடு ஓங்கில்களும் வந்தன. டால்பினைத்தான் நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்கள்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஓங்கில் ஆராய்ச்சியா என்று எல்லாரும் கேட்டார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊர் இது. மேடம் அதற்கு அலட்டிக்கொள்ளாமல் ஒரே பதிலைச் சொல்வார். டிஎன்ஏவுக்குக் கடல் தேவையில்லை, சுத்தமான மேசைதான் தேவை.

அந்தச் சுத்தத்தை அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். காலையில் வந்ததும் கைப்பையைக் கூட வைக்காமல் மேசையை ஸ்பிரிட் விட்டுத் துடைப்பார். அதை வேறு யாரிடமும் விடமாட்டார். நகம் வளர்த்தவர்களை உள்ளே விடமாட்டார். தலையில் பூ வைத்து வந்த பெண்கள் கதவருகே இருந்த ஆணியில் பூவை மாட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு முடிவு தப்பு என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. தாளைப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், "இன்னொரு தடவை ஓட்டுங்க" என்பார். அவ்வளவுதான். சோதனையை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்று அர்த்தம். அந்த மூன்று சொற்களுக்கு எத்தனையோ பேர் பயந்திருக்கிறோம்.

ஒவ்வொரு முறை தசை மாதிரிகளை ஓட்டும்போதும் கூடவே ஒரு வெறுங்குழாயையும் ஓட்டச் சொல்வார். எல்லா மருந்தும் அதில் இருக்கும், தசை மட்டும் இருக்காது. கடைசியில் அந்தக் குழாயில் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் எங்கோ கை பட்டிருக்கிறது, மூச்சு பட்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைய வேலை மொத்தமும் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

இதை எழுதும்போது ஒன்றை விளக்கிவிடுகிறேன், படிக்கிறவர்கள் எல்லாரும் விலங்கியல் படித்தவர்களாக இருக்க மாட்டார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தியை உண்டாக்குகிற குட்டிக் குட்டி உறுப்புகள் நிறைய இருக்கின்றன. அவைதான் மைட்டோகாண்ட்ரியா. அவற்றுக்கென்று தனியாகச் சின்ன டிஎன்ஏ உண்டு. அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும், தகப்பனுக்கு அதில் பங்கு கிடையாது. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். ஆனால் மகனோடு நின்றுவிடும். மகள் வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒரு செல்லில் ஏகப்பட்ட பிரதிகள் இருப்பதால், கரையில் கிடந்து வெயிலில் அழுகிப்போன உடம்பிலும் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் அப்படிப்பட்ட உடம்புகள்தான். அதனால்தான் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டோம்.

முதன்முதலில் நாங்கள் வரைந்த மரத்தில் ஓங்கில்கள் எல்லாம் ஒரு கிளையில் வந்தன. அந்தக் கிளை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நீர்யானை, அதற்குக் கொஞ்சம் தள்ளி மாடு. உலகத்துக்கு அது ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். ஆனாலும் நாங்களே செய்து பார்த்து அது வந்தபோது ஒரு சந்தோஷம். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "நான் மேச்ச மாட்டுக்குச் சொந்தக்காரனா அது" என்று கேட்டுவிட்டு, பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்தோணி வந்தது அதற்குப் பிறகு. ராமநாதபுரம் கடற்கரையில் மீனவர் குடும்பம். தகப்பன் இல்லை. ஒரே பிள்ளை. அம்மா சவேரியம்மாள் மீன் விற்றுப் படிக்க வைத்தார். ஓங்கிலில் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று மேடத்திடம் வந்து நின்றான். எங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. உயிரோடு இருக்கிற ஓங்கில் எப்படி இருக்கும் என்பது. நானும் மேடமும் செத்ததை மட்டுமே பார்த்தவர்கள்.

என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன் தானாகச் செய்த முதல் மாதிரியின் முடிவு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் நாலு நிறத்தில் அலை அலையாக எழுத்துகள் ஓடும். அதை மற்றவற்றோடு பொருத்திப் பார்த்தால், எந்த ஓங்கிலோடும் ஒட்டவில்லை. புது இனமோ என்று அவனுக்கு ஒரு நிமிடம் கண் விரிந்தது. மேடம் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இது ஓங்கில் இல்ல அந்தோணி. இது நீங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "சரியாச் சொன்னா, உங்க அம்மா" என்றார்.

மேடம் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. அந்தத் தசைத் துண்டில் அவன் கை பட்டிருந்தது. அந்தக் கோப்பை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிற எல்லாருடைய டிஎன்ஏ எழுத்து வரிசையையும் நாங்கள் கணினியில் வைத்திருந்தோம். சந்தேகமான முடிவு வரும்போது முதலில் எங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதற்காக. அந்தோணியின் வரிசையும் அந்தத் தொகுப்பில் சேர்ந்தது.

இரண்டு மூன்று வருடம் இப்படிப் போயிற்று. கடற்கரையில் எங்கே ஓங்கில் ஒதுங்கினாலும் அவனுக்கு போன் வந்துவிடும். பாதுகாக்கப்பட்ட உயிர் என்பதால் வனத்துறை ஆட்கள் இல்லாமல் அதைத் தொட முடியாது. அவர்களிடம் அனுமதி வாங்கி, அவர்கள் கண் முன்னால் தோலும் தசையும் ஒரு துண்டு வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அவனுடைய பைக்கில் மதுரைக்குக் கொண்டு வருவான். வந்ததும் அவன் மேல் வீசுகிற நாற்றத்துக்கு ஹாஸ்டலில் சேர்க்க மாட்டார்கள். ஆய்வுக்கூடக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் போவான்.

ஒரு தை மாதத்தில் அவன் ஊருக்கு வடக்கே ஒரு பெரிய ஓங்கிலும் குட்டியும் உயிரோடு கரையேறிவிட்டதாகச் செய்தி வந்தது. அவன் அப்போது ஊரில்தான் இருந்தான். போய்ச் சேர்ந்தபோது பெரியது மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இறந்துவிட்டது. குட்டி பிறந்து அதிக நாள் ஆகியிருக்காது. அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோய், மூச்சுத்துளை மேலே இருக்கும்படி கையில் ஏந்திக்கொண்டு இடுப்பளவு கடலில் நின்றிருக்கிறான். விட்டால் நீந்தாமல் திரும்பவும் கரைக்கே வந்ததாம். பெரியது கிடந்த பக்கமாகவே வந்ததாம். பொழுது சாய்கிற வரைக்கும் அவனும் ஊர் ஆட்களும் மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார்கள். பிறகு அது அவன் கையிலேயே அடங்கிவிட்டது.

மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தான். பெரிய ஓங்கிலுக்குப் பால் சுரந்திருந்தது என்று மட்டும் சொன்னான். அழுத்தியபோது மணலில் வெள்ளையாக வந்ததாம்.

குழாய்களில் தாய் என்றும் குட்டி என்றும் எழுதி ஒட்டினோம். இதில் ஆராய்ச்சி செய்ய எதுவும் இல்லை. இரண்டும் ஒரே வரிசையாகத்தான் வரும். வேலை சரியாக நடக்கிறதா என்று சரிபார்க்க நல்ல ஜோடி, அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

வரிசைகள் வந்தன. இரண்டும் வேறு வேறாக இருந்தன.

ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தால் வேறு பேச்சு. இவை எங்கேயோ இருந்தன. பெரியது கரையோரமாகத் திரிகிற, குட்டை மூக்குள்ள வகையோடு போய்ச் சேர்ந்தது. குட்டி, ஆழக்கடலில் கூட்டம் கூட்டமாகப் போகும், தண்ணீரைவிட்டு எழும்பிச் சுழன்று விழும் நீளமூக்கு வகையோடு போய்ச் சேர்ந்தது. பிறந்த குட்டிக்கு மூக்கும் நிறமும் இன்னும் தெளிந்திருக்காது. அதனால் கரையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை ஓட்டுங்க."

மறுபடியும் தொடங்கினேன். நகக்கண் அளவு தசையைப் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, கரைக்கிற மருந்தில் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் ஒரு இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் தசை இருந்த இடம் தெரியாது, கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். பீனாலும் குளோரோபாரமும் விட்டுச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேலடுக்கை மட்டும், நடுவில் இருக்கிற வெள்ளைப் படலம் கலையாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதில் குளிர்ந்த ஆல்கஹாலை விட்டு மெதுவாகச் சாய்த்தால் ஒரு வெள்ளை நூல் தெரியும். எத்தனை வருடம் பார்த்தாலும் அந்த நூலைப் பார்க்கும்போது கை கொஞ்சம் நின்றுவிடும். பெரியதை ஒரு நாள் செய்தேன். மேசையை முழுதாகத் துடைத்து, கையுறை, குழாய் எல்லாம் புதிதாக எடுத்து, குட்டியை வேறொரு நாள் செய்தேன். வெறுங்குழாய் வெறுமையாகவே இருந்தது. முடிவு மாறவில்லை.

குழாய்கள் இடம் மாறியிருக்கலாம் என்றார் மேடம். வேறு ஓங்கிலின் துண்டு கடற்கரையிலேயே குட்டியின் டப்பாவில் போயிருக்கலாம் என்றார். அந்தோணி இல்லை என்றான். அவனாக வெட்டி அவனாக வைத்தது.

"எனக்குத் தெரியும் மேடம். அது கையிலதான இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரியும். தாளுக்குத் தெரியணும்ல."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெளியில் எழுதினால் முதலில் எல்லாரும் கேட்கப்போவது அதைத்தான். இரண்டு உடம்பையும் வனத்துறை ஆட்கள் கரைக்கு மேலே மணலில் புதைத்திருந்தார்கள், இடமும் தெரியும். தோண்டி, இரண்டின் கீழ்த்தாடையிலும் பல்லோடு ஒரு துண்டு எலும்பை எடுத்து வந்தால், முதல் மாதிரியோடு சம்பந்தமில்லாத இன்னொரு மாதிரி கிடைத்துவிடும். அனுமதிக்கு எழுதி, அது வந்ததும் அந்தோணி கிளம்பினான். "போயிட்டு வாரேன் அண்ணே, எலும்புக்கு ஐஸ் வேண்டாம்ல" என்று பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது மானாமதுரை தாண்டி ஒரு லாரி அடித்துவிட்டது.

தகவல் எனக்குத்தான் முதலில் வந்தது. அவன் செல்போனில் கடைசியாகப் பேசியது என்னோடு. மேடத்தையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் சவேரியம்மாளையும் அவர்கள் ஊர் ஆட்களையும் பார்த்தோம். அந்த அம்மா அழவில்லை. சேலை முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். மேடம் அவர் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தார்.

அவன் முதுகில் மாட்டியிருந்த பையைப் போலீஸ் எடுத்து வைத்திருந்தது. அதற்குள் சின்னத் தாடை எலும்பைப் பார்த்ததும் அவர்களுக்குக் கலக்கம். பச்சைப்பிள்ளையின் எலும்போ என்று விசாரணையே தொடங்கிவிட்டார்கள். நாங்கள் போய் விளக்கினோம், வனத்துறை அனுமதியைக் காட்டினோம். சில வாரம் கழித்துத்தான் அந்தப் பை எங்கள் கைக்கு வந்தது. பழுப்புக் காகித உறைகள் இரண்டு. இரண்டிலும் அவன் கையெழுத்து. உறைகளின் மேல் ரத்தம் இல்லை. அதை ஏன் அப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை, ஆனால் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. மேடம்தான் செய்தார். அவர் குழாயைக் கையில் பிடித்து வருடக்கணக்காகியிருந்தது. மேசையைத் துடைத்தார். முகமூடி கட்டிக்கொண்டு, எலும்பின் மேல்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, உள்ளே துளையிட்டு மாவு எடுத்தார். நான் நீட்டிய குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். வரிசைகளில் அந்தோணி எங்காவது கலந்திருக்கிறானா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. அது வழக்கமான வேலைதான். அவன் பெயரை அழுத்தி, அவன் கோப்பைத் திறந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கலக்கவில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்து வந்திருந்தான்.

முடிவு அதேதான். பெரியது அந்தக் குட்டியைப் பெற்றதில்லை. அந்த இனமே இல்லை.

மேடம் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"முதல் தடவையே நான் நம்பியிருக்கலாம் ராஜேந்திரன்" என்றார்.

யாராக இருந்தாலும் இரண்டாவதாக ஒரு மாதிரி கேட்டிருப்பார்கள் மேடம் என்று சொன்னேன். அது உண்மை. உண்மையைச் சொல்லி அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதற்குப் பிறகு அவர் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க இன்னொரு தடவை ஓட்டுங்க என்று யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. தேவைப்பட்டபோது அவரே உட்கார்ந்து ஓட்டினார்.

கட்டுரை சின்னதாக ஒரு குறிப்பாக வெளிவந்தது. அந்தோணியின் பெயர் முதலில், காலமானார் என்ற அடையாளத்தோடு. தன் குட்டியை இழந்த ஒரு ஓங்கில், வேற்று இனக் குட்டியைச் சேர்த்துக்கொண்டு பால் கொடுத்திருக்கலாம் என்று எழுதியிருந்தோம். நிறையப் பேர் அந்தக் குறிப்பைப் படித்தார்கள். அந்தத் தாயின் மனசைப் பற்றிப் பத்திரிகைகளிலும் உருக்கமாக எழுதினார்கள்.

அந்த வருடம் சவேரியம்மாள் மதுரைக்கு வந்தார். ஹாஸ்டலில் இருந்த அவன் பெட்டியை எடுத்துப் போக வந்தவர், ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேடம் அன்று ஊரில் இல்லை. நான்தான் கூட்டிப் போனேன். மேசை, குளிர்பெட்டி, அவன் உட்கார்ந்த முக்காலி எல்லாம் காட்டினேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார்.

"எம்புள்ள கடைசியா என்னத்த தம்பி எடுத்துட்டு வந்தான்?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த எளிமையான சொற்களில், தாய் வழியாக மட்டும் வருகிற ஒன்று இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். அந்தோணியிடம் இருந்தது அவர் கொடுத்தது, அவருக்கு அவருடைய அம்மா கொடுத்தது என்று சொல்லும்போது எனக்கு அந்தக் கோப்பு ஞாபகம் வந்தது. காட்டலாமா கூடாதா என்று தயங்கினேன். பிறகு கணினியைத் திறந்து காட்டினேன். பச்சையும் சிவப்பும் நீலமும் கறுப்புமாக அலைகள் ஓடின.

"இது அவனா?"

"அவனும்தாம்மா. நீங்களும்தான். உங்க அம்மாவும்தான்."

பக்கத்தில் வந்து திரைக்கு நேராகக் குனிந்து பார்த்தார். முன்னும் பின்னுமாக நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். "பொம்பளப்புள்ள இல்லையே எனக்கு. அப்ப இது எங்கூட முடிஞ்சுரும்ல" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பிறகு ஓங்கிலைப் பற்றிக் கேட்டார். பால் கொடுத்தது பெற்ற தாய் இல்லை, அதைத்தான் அந்தோணி கொண்டுவந்த எலும்பு உறுதி செய்தது என்று சொன்னேன். அதைக் கேட்டவர்கள் எல்லாரும் பால் கொடுத்த அந்தத் தாயை நினைத்துத்தான் கண் கலங்குவார்கள். நானும் அப்படித்தான். இவரும் அதைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"பெத்தவ தேடியிருப்பாளே தம்பி. அவ என்ன ஆனா?"

தெரியாதும்மா என்றேன். அந்தக் குறிப்பை எழுதிய நாங்களோ, படித்தவர்களோ, ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நீளமூக்கு ஓங்கிலின் மாதிரி எது வந்தாலும், வழக்கமான வேலையை முடித்துவிட்டு, அந்தக் குட்டியின் வரிசையோடு ஒரு தடவை பொருத்திப் பார்ப்பேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எந்தக் கட்டுரைக்கும் அது தேவையில்லை. ஆழக்கடலில் திரிகிற இனம், எப்போதாவது ஒன்றுதான் வலையில் சிக்கி வரும். பக்கத்தில் பக்கத்தில் வந்தவை உண்டு. ஒரு எழுத்து, இரண்டு எழுத்து மாறியிருக்கும். அப்படியே பல வருடம் போயிற்று. மேடம் ஓய்வு பெற்று, கோயம்புத்தூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தெற்கே ஒரு கரையில் ஒதுங்கிய பெண் ஓங்கில் ஒன்றின் தோலும் பல்லும் வந்தன. வரிசையைப் பொருத்தினேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மூன்று தடவை ஓட்டினேன். மூன்றாவது தடவைக்குக் குட்டியின் மாதிரியில் மிஞ்சியிருந்த கடைசித் துளியையும் செலவழித்துவிட்டேன். இப்போதுள்ள பிள்ளைகள் மொத்த டிஎன்ஏவையும் படித்து அது தாய்தானா என்று சொல்லியிருப்பார்கள். அதற்குக் கொடுக்க எதுவும் மீதமில்லை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அந்தக் குட்டியும் இந்தப் பெரியதும் ஒரே தாய் வழி. இது அதைப் பெற்றதாக இருக்கலாம். சித்தியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் பிரிந்த தூரத்துச் சொந்தமாகவும் இருக்கலாம்.

மேடத்துக்கு போன் செய்து சொன்னேன். இன்னொரு தடவை ஓட்டுங்க என்பார் என்று காத்திருந்தேன். "அந்த அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றார்.

போனேன். சவேரியம்மாள் தளர்ந்திருந்தார். மீன் விற்கப் போவதை நிறுத்தி, அண்ணன் மகள் வீட்டில் இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் எதிரில் மணலில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் கேட்டதற்கு ஒரு பதில் மாதிரி ஏதோ கிடைத்திருக்கிறது என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். தாய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன், அதைத் தெளிவாகவே சொன்னேன்.

"செத்துத்தான் கரைக்கு வந்துச்சா?"

"ஆமாம்மா. எங்ககிட்ட வர்றதெல்லாம் செத்ததுதான்."

"என்ன வயசு இருக்கும்?"

ஓங்கில் பல்லைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வளையம் வளையமாக இருக்கும், அதை வைத்து வயதைச் சொல்லிவிடலாம், இது நல்ல கிழடு என்று சொன்னேன். குட்டி இறந்த பிறகும் நிறைய வருடம் உயிரோடு இருந்திருக்கிறது.

அவர் கடல் பக்கம் திரும்பினார். அலை பெரிதாக இல்லை.

"அம்புட்டு வருசமும் இருந்திருக்கா, பாருங்க" என்றார்.

அது தாய்தான் என்று நாங்கள் சொல்லவில்லை என்பதை இன்னொரு முறை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மேடத்திடம் வேலை பழகியவன் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மகள் டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, வாரேன் அம்மா என்று எழுந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.